குழந்தை வண்டியில் ஒரு ஆண் குரல்

களிமண் தள்ளும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோனதால் அன்றைக்குச் செங்கல் ஆலையில் எல்லோரையும் மத்தியானத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோர்கில் சைக்கிளைக் கொட்டகைச் சுவரில் சாய்த்தான். பூட்ஸைப் பின்வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் காலுறையோடு சமையலறைக்குள் வந்தான். மேசையில் பாதி வெட்டிய கருப்பு ரொட்டி கிடந்தது. ஆள் இல்லை.

ஜன்னலோரத்தில் பெட்டி இருந்தது. பிள்ளையின் தள்ளுவண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதில் விழும் சத்தத்தைக் கேட்க வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி. வெளியே பேரி மரத்தடியில், குளிர் காற்றில், வண்டிக்குள் போர்த்திக்கொண்டு தூங்கும் பிள்ளை சிணுங்கினால் உள்ளே கேட்டுவிடும். பிள்ளை இருக்கிற வீடென்றால் அந்த டேனிஷ் ஊரில் இந்தப் பெட்டியும் இருக்கும். அவன் வீட்டுப் பெட்டியில் இதுவரை மூச்சுச் சத்தமும் காற்றுச் சத்தமும் தவிர அவன் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு அதில் ஒரு ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது.

அவசரமில்லாத குரல். அடியில் ஏதோ இயந்திரம் உறுமுவதுபோல ஒரு சத்தம். பேசிய பாஷை அவனுக்குப் புரியவில்லை, ஆனால் எந்த பாஷை என்று தெரிந்தது. அது அவன் மனைவி யுர்கிதாவின் ஊர் பாஷை. நடுவில் ஒரு வார்த்தை தெளிவாகக் காதில் விழுந்தது: "லிவுத்தே."

அவன் மகள் பெயர் லிவா. லிவுத்தே என்று அவளைச் செல்லமாகக் கூப்பிட்டது யுர்கிதா ஒருத்திதான். அதுவும் போன இலையுதிர் காலத்தோடு நின்றுபோன கூப்பிடல்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தோட்டத்தின் அந்தக் கோடியில் யுர்கிதா முதுகைக் காட்டியபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வண்டிப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் அவனுக்கு என்ன தோன்றியதோ, வந்த வழியே வெளியே போய், பூட்ஸை மாட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய் முன்வாசல் கதவை ஓங்கிச் சாத்தியபடி உள்ளே வந்தான். அதற்குள் பெட்டி அணைந்திருந்தது. அவள் பாத்திரத் தொட்டியருகே நின்றாள்.

"சீக்கிரம் வந்துட்ட."

"பெல்ட் அறுந்துடுச்சு."

"ஓ."

"யாராவது வந்தாங்களா?"

"இல்ல. யாரு வருவா இங்க?"

காய்ந்திருந்த கோப்பையை எடுத்து அவள் மறுபடி துடைத்தாள். அதை அவன் பார்த்துவைத்துக்கொண்டான்.

இத்தனைக்கும் ஒரு வருஷம் முன்னால் அந்த வீடு அப்படி இருந்ததில்லை. யுர்கிதா லித்துவேனியாக்காரி. பசுமைக்குடிலில் வெள்ளரிக்காய் பறிக்க வந்தவள், இவனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். மாவு பிசைந்தால் பாட்டு, துணி மடித்தால் பாட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டினால் தண்ணீரோடு சேர்ந்து வார்த்தையும் கொட்டும். அவனுக்கு ஒன்றும் புரியாது. அதனால் என்ன என்றுதான் அப்போது இருந்தான்.

லிஸ்பெத் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. லிஸ்பெத் என்பவள் வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போகும் நர்ஸ். நாய், செருப்பு, படகு என்று படங்களைத் தரையில் பரப்பி, "லிவா, நாய் எங்கே? இது என்ன?" என்று கேட்டாள். லிவா படங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாவுக்கு அடியில் தள்ளினாள். வாயைத் திறக்கவில்லை.

"வயசுக்கு வார்த்தை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்றாள் லிஸ்பெத். "பயப்படாதீங்க. காதுல நீர் கட்டியிருக்கான்னு ஒருதடவை பார்த்துடுங்க. வீட்ல அவகிட்ட நிறையப் பேசுங்க. பேச்சு கொடுக்கக் கொடுக்கத்தான் பேச்சு வரும்."

காதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் வேறென்ன? தோர்கிலின் அக்கா குத்ரூன் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு வந்தவள், கேக்கை வாயில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இத்தனூண்டு தலைக்குள்ள ரெண்டு பாஷையைத் திணிச்சா எது தங்கும்? என் பையனைப் பாரு, இவளைவிட ஒரு மாசம் சின்னவன். வாய் மூட மாட்டேங்கிறான்."

தோர்கில் படித்தவன் இல்லை. எழுத்துக் கூட்டவே ஆலையில் சேர்ந்த பிறகுதான் பழகினான். பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சைப் பேசினால் வாத்தியார் முகத்தைச் சுளிப்பார். அதற்கு பயந்தே அவன் வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் காலத்தைத் தள்ளினான். தன் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் அவன் மனசில் இருந்தது. நர்ஸ் "நிறையப் பேசுங்க" என்று சொன்னதும் அவன் காதில் "டேனிஷ் மட்டும் பேசுங்க" என்றே விழுந்தது. அன்று சாயங்காலமே மேசையில் கையை நீட்டினான்.

"லிவா பள்ளிக்கூடம் போற வரைக்கும் உன் பாஷை வேணாம், யுர்கிதா. சத்தியம் பண்ணு."

அவள் அவன் கையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் கையை வைத்தாள். "சரி. என் வாய்லருந்து ஒரு வார்த்தை வராது."

வரவில்லைதான். பாட்டும் நின்றது. குளியலறையில் இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. "வா", "சாப்பிடு", "செருப்பு போடு", "தொடாதே" என்று அவளுக்குத் தெரிந்த டேனிஷை அவள் பிள்ளையிடம் சொன்னாள். மீதி நேரம் வீடு சும்மா கிடந்தது. பிள்ளையும் சும்மா கிடந்தது. பாஷை மாறுகிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது இந்தக் குரல்.

மறுநாள் ஆலையில், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பிரேபெனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டான். பிரேபென் ஓய்வு பெறப் போகிற வயசுக்காரன். வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும்.

"பெட்டியில ஆம்பளைக் குரலா? அட போடா. எல்லாரும் ஒரே கடையில ஒரே பெட்டியத்தான வாங்குறோம். எங்க வீட்டுப் பெட்டியில பாதிரியார் வீட்டு அம்மா இருமுறது மூணு தெரு தாண்டி வந்து கேட்டுச்சு. என் பொண்டாட்டி அந்தம்மாவுக்கு இருமல் மருந்து கொண்டுபோய்க் குடுத்தா. எப்பிடித் தெரிஞ்சுதுன்னு அவங்க இன்னிக்கும் கேட்டுட்டு இருக்காங்க."

"அது நம்ம பாஷை இல்ல, பிரேபென். எம் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்."

பிரேபெனின் சிரிப்பு நின்றது. "உன் பொண்டாட்டிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். யாரும் வரலைங்கிறா."

"சரியாக் கேளுடா. வந்தாங்களான்னு கேட்டா வரலைன்னுதான் சொல்வா. பேசினது யாருன்னு கேளு."

தோர்கில் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே என்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் துறைமுகச் சாலையில் லித்துவேனிய நம்பர் போட்ட லாரி ஒன்று நின்றது. அடியில் உறுமிய அந்த இயந்திரச் சத்தம் நினைவுக்கு வந்தது. சைக்கிளை மெதுவாக ஓட்டி டிரைவரைப் பார்த்தான். ரொட்டி தின்றுகொண்டிருந்த இளைஞன் கையசைத்தான். தோர்கில் கையசைக்கவில்லை. அதன்பிறகு சாலையில் எந்த லாரியைப் பார்த்தாலும் முதலில் நம்பரைத்தான் பார்த்தான்.

அவனுக்கு ஒரே ஒரு பயம்தான். யுர்கிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். அங்கே போனால் பேசவேண்டுமே, அதற்குத்தான் யாரையோ வைத்துப் பிள்ளையைத் தயார் செய்கிறாள். ஒருநாள் ஆலையிலிருந்து வந்தால் பேரி மரத்தடியில் வண்டி இருக்காது. இந்த எண்ணம் வந்த அன்றைக்கே, அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, அலமாரி இழுப்பறையிலிருந்து லிவாவின் பாஸ்போர்ட்டை எடுத்தான். கொட்டகையில் ஆணி போட்டுவைக்கும் தகர டப்பாவின் அடியில் வைத்து, மேலே ஆணியைக் கொட்டி மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை பிரேபென் வந்தான். தன் வீட்டுப் பழைய பெட்டியை கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தான். யுர்கிதா காபி வைக்கப் போனதும் அதைத் தோர்கிலின் கையில் திணித்தான்.

"அதே கம்பெனி, அதே சானல். கொட்டகையிலயே கேக்கும். எதுக்குக் கேக்குறேன்னு நான் கேக்கல, நீயும் சொல்லாத."

அப்போது லிவா அறைக்குள் வந்தாள். பிரேபெனைப் பார்த்ததும் நின்று, முறைத்து, கையை உயர்த்தி முஷ்டியை மூடிக் காட்டினாள்.

பிரேபென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய்! உன் பொண்ணு என்னை நிறுத்தச் சொல்றாடா! பெல்ட்டை நிறுத்துங்கிறா!"

ஆலையில் அச்சு ஓடும் கொட்டாயில் காதடைப்பான் போட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டும். கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைப்பேச்சுதான்; களைத்து வீட்டுக்கு வந்தால் தோர்கிலுக்கு அங்கேயும் பாதிப் பேச்சு கையில்தான். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. சுட்டுவிரலைச் சுழற்றினால் ஓட்டு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாக. இரண்டு விரலால் உதட்டைத் தட்டினால் காபி. லிவா இரண்டு விரலால் உதட்டையும் தட்டிக் காட்டினாள். பிரேபென் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பேச்சு வரலையாம் பேச்சு. இவளை நாளைக்கே அச்சு மேசையில நிறுத்தலாம். அது சரி, நம்ம பாஷைய எந்தப் புள்ளைதான் சீக்கிரம் பேசும்? பாதி வார்த்தைய முழுங்கிட்டு மீதியக் கொழகொழன்னு துப்புறோம். பக்கத்து ஊர்க்காரன் சொல்றதே எனக்குப் புரிய மாட்டேங்குது, இந்தக் குஞ்சு எங்க வெட்டி எங்க ஒட்டும்?"

தோர்கிலும் சிரித்தான். மகள் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. காபி கொண்டுவந்த யுர்கிதா மட்டும் சிரிக்கவில்லை. பிரேபெனின் கோட்டைப் பார்த்தாள், பிறகு தோர்கிலின் முகத்தைப் பார்த்தாள்.

பெல்ட் சரியானதும் பாதிப் பேருக்கு மத்தியான ஷிஃப்ட் போட்டார்கள். தோர்கிலுக்கு அது தோதாகப் போயிற்று. அன்றைக்கு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று சொல்லி, சைக்கிளில் தெருக்கோடிவரை போனான். களிமண் குழிக்குப் போகும் பாதையில் சைக்கிளைப் புதரோடு சாய்த்துவிட்டு, பின்வேலியைத் தாண்டித் தன் சொந்தக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தான். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, பெட்டியின் திருகியைத் திருகினான்.

முதலில் மூச்சு. துணி உரசும் சத்தம். யுர்கிதா போர்வையை இழுத்துவிடுகிறாள் போலிருக்கிறது. அவள் ஒன்றும் பேசவில்லை. காலடி விலகிப் போயிற்று.

பிறகு அவன் வந்தான். அதே குரல்.

வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சூளைக்குப் போகுமுன் பச்சைச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவார்களே, அந்த மாதிரி வந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று புரியாத தோர்கிலுக்கே தெரிந்தது. குரல் எதையோ கேட்டது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. காத்திருந்தது.

லிவா பதில் சொன்னாள்.

தோர்கில் பெட்டியைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வார்த்தை இல்லை. அவள் பேசினாள். மூச்சு வாங்காமல், இடையில் சிரித்து, ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, அந்த ஆள் தப்பாகச் சொன்னதுபோல அதட்டிக்கூடப் பேசினாள். அவன் வீட்டில் படங்களைச் சோபாவுக்கு அடியில் தள்ளிய பிள்ளை! குரல் நாய் மாதிரிக் குரைத்துக் கேட்டது, அவளும் குரைத்தாள். லாரி மாதிரி உறுமியது, அவளும் உறுமினாள். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. அதில் "தேத்தே" என்ற வார்த்தை இருந்தது. அந்த ஒன்று அவனுக்குத் தெரியும். லிவா பிறந்த புதிதில் யுர்கிதா அவனைக் காட்டி அப்படித்தான் சொல்வாள். அப்பா.

பெட்டியில் பேச்சு நின்றது. லிவா ஒன்றும் சொல்லவில்லை. குரல் மறுபடி கேட்டது, "தேத்தே?" காற்று மட்டும்தான் பதில்.

அப்பா என்று கேட்டால் பிள்ளைக்கு ஒன்றுமே சொல்லத் தெரியவில்லை. அந்த ஆள் அதைக் கேட்டுக் கேட்டுச் சோதிக்கிறான். தோர்கில் பெயிண்ட் டப்பாவை உதைத்துக்கொண்டு வெளியே ஓடினான். ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டு வண்டியருகே போய் மேல்மூடியைத் தள்ளினான்.

உள்ளே வேறு யாரும் இல்லை. லிவா போர்வைக்குள் முழுக் கண்ணோடு படுத்திருந்தாள். அவள் காலடியில், போர்வை மடிப்பில், யுர்கிதாவின் போன் இருந்தது. அதிலிருந்து குரல் இன்னும் "லிவுத்தே? லிவுத்தே?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. லிவாவின் ஒரு கை மட்டும் போர்வைக்கு வெளியே மேலே நீண்டிருந்தது. முஷ்டி மூடியிருந்தது.

"யாரு இவன்?" என்றான். யுர்கிதா துணிக் கூடையோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. களைத்துப்போனவளாகத் தெரிந்தாள்.

"கேஸ்தாஸ். என் தம்பி. நம்ம கல்யாணத்துல மேசை மேல ஏறி ஆடினானே, அவன்தான். லாரி ஓட்டுறான். மத்தியானம் எங்கயாவது நிறுத்தி ஓய்வு எடுக்கணும். அந்த நேரம் இவகிட்ட பேசுவான்."

"சத்தியம் பண்ணினியே."

"பண்ணினேன். காப்பாத்திட்டுத்தான் இருக்கேன். நான் ஒரு வார்த்தை பேசல. என் வாய்க்குத்தான் நீ சத்தியம் வாங்கின, என் தம்பி வாய்க்கு இல்ல." அவள் கூடையைக் கீழே வைத்தாள். "உன் பாஷையில எங்கிட்ட இருக்கிறது சமையல்கட்டு வார்த்தை மட்டும்தான், தோர்கில். அத்தனையும் குடுத்துட்டேன். தீந்துபோச்சு. நீ வேலையிலருந்து வர, சோபாவுல சாயிற, ஒண்ணும் பேசுறதில்ல. நர்ஸ் நிறையப் பேசச் சொன்னாங்க. யாரு பேசுறது?"

"ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தானே இதெல்லாம்?"

"எப்பிடிக் கூட்டிட்டுப் போவேன்? பாஸ்போர்ட் ஆணி டப்பாவுல இருக்கே."

அவன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"துணிக் கயித்துக்குக் கொக்கி தேடினேன். அப்பப் பார்த்தேன்." அவள் குனிந்து பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். "நீயா திருப்பி எடுத்து வைக்கிறியான்னு பார்த்துட்டு இருந்தேன். நீ என்னை மட்டும் தனியா ஊருக்கு அனுப்பிடப் போறியோன்னு நெனச்சேன். உன் அக்கா சொல்லிக் குடுத்திருப்பான்னு. பிரேபென் கோட்டுக்குள்ள எதையோ கொண்டுவந்தான், அதுவும் எனக்கு எதிராத்தான்னு நெனச்சேன்."

போனுக்குள் கேஸ்தாஸ் ஏதோ கவலையாகக் கேட்டான். யுர்கிதா பதில் சொல்லவில்லை; சத்தியம் இன்னும் இருந்ததே, பிள்ளை முன்னால்.

"அவன் என்ன கேட்டான் இவகிட்ட?" என்றான் தோர்கில். "தேத்தேன்னு என்னமோ."

"தினமும் கேக்குறதுதான். நாய் என்ன சொல்லும், லாரி என்ன சொல்லும், அம்மா என்ன சொல்லுவா. கடைசியில, அப்பா என்ன சொல்லுவாரு." அவள் வண்டிக்குள் பார்த்தாள். "அதுக்கு மட்டும் இவ சும்மா இருந்துடுறாளாம். பாவம், அவளுக்குத் தெரியலைன்னு அவன் சொல்றான். அவனுக்குத் தெரியாது. போன்ல கை தெரியாதுல்ல."

தோர்கில் மகளைப் பார்த்தான். அவள் தெரியாமல் சும்மா இருக்கவில்லை. பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கை இன்னும் அப்படியே உயர்ந்திருந்தது. நாய் குரைக்கும், லாரி உறுமும், அப்பா சொல்வது இதுதான்: நிறுத்து. வீட்டுக்குள் அவன் நுழைகிறபோதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திக் கையைத்தான் எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துத்தான் அவனும் பிரேபெனும் சிரித்திருந்தார்கள்.

அவன் குனிந்து, அந்தச் சின்ன முஷ்டியைத் தன் உள்ளங்கையால் மூடி மெதுவாக இறக்கினான். பிறகு தன் சுட்டுவிரலை அவள் முகத்துக்கு மேலே உயர்த்தி, காற்றில் ஒரு வட்டம் போட்டான். இன்னொரு வட்டம் போட்டான்.

ஓட்டு.

லிவா விரலைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவன் விரலை நிறுத்தவில்லை. மெல்ல அவள் வாய் திறந்தது. முதலில் நாய் குரைத்தது, பிறகு லாரி உறுமியது, பிறகு தேத்தே, தேத்தே என்று ஆரம்பித்து அவனுக்குப் புரியாத பாஷையில் கொட்ட ஆரம்பித்தாள். போனுக்குள் கேஸ்தாஸ் ஓஹோ என்று கத்தினான்.

"நீயே பேசு இவகிட்ட" என்றான் தோர்கில், யுர்கிதாவைத் திரும்பிப் பார்க்காமல். "சத்தியம் கித்தியம் எல்லாம் விடு."

"உன் அக்கா கேட்டா?"

"அக்கா கேக்கை முழுங்கட்டும் முதல்ல."

அவள் சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குப் போய், ஆணியைத் தரையில் கொட்டி, பாஸ்போர்ட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதைத் திறந்து பார்த்தாள், உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று. பார்க்கட்டும் என்று இருந்தான்.

ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். லிவா பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் பெல்ட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அது எப்படி அறுந்தது, பிரேபென் எப்படித் திட்டினான், புது பெல்ட் எத்தனை நீளம், அதை இழுக்க எத்தனை பேர் தேவைப்பட்டது. ஒரு வார்த்தையையும் முழுங்காமல், மெதுவாக, தன் ஊர் வீட்டுப் பேச்சில் சொன்னான். கை வண்டி விளிம்பிலேயே இருந்தது.

லிவா அவன் கையைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.